கிணறு கூப்பிடுகிறது

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது. தீப்பெட்டி, பீடி, செருப்பு, இரும்புக் கொக்கி வைத்த பெல்ட், செல்போன் எல்லாம் கேட்டோடு நின்றுவிட வேண்டும். ஆள் மட்டும்தான் உள்ளே போகலாம். வெம்பக்கோட்டை போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் கம்பெனியில், அதையெல்லாம் வாங்கி வைக்கிற வேலை என்னுடையது. என் பெயர் ஊர்க்காவலன். பெயரைப் பார்த்துத்தான் முதலாளி எனக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தார் என்று உள்ளே வேலை செய்கிற பொம்பளைகள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது முருகம்மாளைப் பற்றி.

முன்பெல்லாம் கேட்டுக்கு ஒரே ஒரு போன்தான் வரும். அது போர்மேன் முனியராஜுடையது. இரண்டாயிரத்து எட்டு பிறந்ததும் என்ன மாயமோ, சித்தாள் முதல் லோடு ஏற்றுகிறவன் வரை எல்லார் கையிலும் ஒன்று. வைக்க இடமில்லாமல், ஆசாரியைக் கூப்பிட்டு புறாக்கூடு மாதிரி அறை அறையாக ஒரு தட்டு செய்து என் அறைச் சுவரில் அடித்தோம். பகல் முழுக்க அந்தத் தட்டு சும்மா இருக்காது. ஒன்று பாடும், ஒன்று குரைக்கும், ஒன்று உறுமிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும். அதைப் பிடித்து உள்ளே தள்ளுவேன். எடுத்துப் பேசமாட்டேன். எடுக்கவும் கூடாது.

ஏனென்றால் பாதிப் பேர் பேசுவதற்காகப் போன் வைத்திருக்கவில்லை. அடித்துவிட்டு, எதிராளி எடுப்பதற்குள் கட் பண்ணுவதற்காக வைத்திருந்தார்கள். மிஸ்டுகால். ஒன்று வந்தால் வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். விடாமல் வந்தால் அவசரம், திருப்பிக் கூப்பிடு என்று அர்த்தம். தெரியாத்தனமாக ஒரு நாள் ஒரு போனை எடுத்துவிட்டேன். "எவன்லே அது, மிஸ்டுகாலை எடுத்தது? வெளங்குவியா நீ?" என்று அந்தப் பக்கம் ஒரு கிழவர் பிடித்த பிடி இருக்கிறதே, அதோடு அந்த வேலையை விட்டேன்.

முருகம்மாள் புஸ்வாணம் அடைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். குள்ளமான ஆள். நடக்கும்போது கைகள் இரண்டும் படகுத் துடுப்பு மாதிரி வீசும். அலுமினியப் பொடி ஏறி, முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சு பூசினதுபோல மின்னும். உயிரில்லாத சாமான்களோடு பேசுகிற வழக்கம் அவளுக்கு உண்டு. கம்பெனி பஸ்ஸைப் பார்த்து, "ஏன் இம்புட்டு இருமுற, தண்ணி குடிச்சியா?" என்பாள். தண்ணீர்ப் பானையோடு சண்டை போடுவாள். கிறுக்கு என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே அவளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவள் அம்மா அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவள். அதையே மகள் வாங்கினாள். அதனால் அந்தத் துண்டு பூமி அவளுக்கு நிலம் மட்டுமில்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எங்க தோட்டம்" என்று ஆரம்பித்துவிடுவாள். கிணற்றில் பாதிப் பங்கு. மற்றப் பாதி சுந்தரபாண்டிக்கு. அவர் விருதுநகரில் மிளகாய் கிட்டங்கியில் எடை போடுகிறவர். இரண்டு பேருக்கும் முறை வைத்துத் தண்ணீர்.

அந்த வருசம் கரண்டு பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று அந்தக் கரண்டுக்கே தெரியாது. முருகம்மாள் கம்பெனியில் இருப்பாள். அவள் புருசன் வெள்ளைத்துரை கல் ஏற்றுகிற வேலைக்குப் போயிருப்பார். கரண்டு வந்த சேதி கேட்டு யாராவது தோட்டத்துக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அது போயிருக்கும். முந்தின வருசம் மிளகாய் பூத்த நேரத்தில் இப்படியே நடந்து, பூவெல்லாம் பொரிந்து கொட்டிவிட்டது.

இந்த வருசம் மிளகாய் மறுபடி பூவெடுக்கும் சமயம். ஒரு நாள் காலையில் போனை என்னிடம் கொடுக்கும்போது முருகம்மாள் சொன்னாள்.

"அண்ணே, இதுல கிணறுன்னு பேரு வந்தா மட்டும் எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்."

"கிணறா? அது யாரு, ஆள் பேரா?"

"கிணறுதாண்ணே. எங்க தோட்டத்துக் கிணறு."

"கிணறு போன் பேசுமாக்கும்?"

"பேசாதுண்ணே. மிஸ்டுகால் குடுக்கும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "முருகம்மா, அப்படியே உங்க உரல் நம்பரும் சொல்லு" என்றாள் ஒருத்தி. "ஆட்டுக்கல்லுக்கு டவர் கிடைக்குமாத்தா?" என்றாள் இன்னொருத்தி.

விசயம் இதுதான். சிவகாசியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அய்யாதுரை, ஒரு பழைய சைனா செட் போனை ஸ்டார்ட்டரோடு ஒயர் போட்டு இணைத்து, ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துக் கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் இருக்கிற ரூமில் மாட்டிவிட்டிருந்தார். மூணு பேஸ் கரண்டு வந்ததும் பெட்டி தானாகவே முருகம்மாள் போனுக்கு ஒரு மிஸ்டுகால் கொடுக்கும். திருப்பி அந்தப் பெட்டிக்கு அடித்தால், முதல் மணியிலேயே மோட்டார் ஓட ஆரம்பிக்கும். அடித்தபடி விட்டால் போன் தானே எடுத்துக்கொள்ளும். அப்புறம் கிணற்றடியில் கேட்கிற சத்தமெல்லாம் நமக்குக் கேட்கும். தண்ணீர் ஏறுகிறதா என்று காதாலேயே பார்த்துவிட்டு வைத்துவிடலாம். கரண்டு இல்லாத நேரம் அடித்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. போன் மட்டும் எடுக்கும்.

முருகம்மாளை வேலைக்கு நடுவில் வெளியே விட முடியாது. போனை உள்ளே விடவும் முடியாது. அதனால் கிணறு கூப்பிட்டால் திருப்பி அடிக்க வேண்டியது நான். அவள் முறை என்றால் கிணற்றுக்கு அடிக்க வேண்டும். சுந்தரபாண்டி முறை என்றால் அவருக்கு ஒரு மிஸ்டுகால். அதைப் பார்த்து அவர் விருதுநகரில் இருந்தே கிணற்றுக்கு அடித்துக்கொள்வார்.

"நான் வாட்ச்மேனா, உங்க தோட்டத்துக் காவக்காரனா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ரெண்டும் காவல்தானேண்ணே" என்று போனைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அது நடந்தது. முருகம்மாளின் அறையில் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. குனிந்து பார்த்தேன். தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது, "கிணறு" என்று. ஒரு மணி அடித்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மனுசர் யாரும் இல்லை. காட்டுக்குள்ளே கல்லும் தண்ணீரும் மட்டும் கிடக்கிற ஒரு குழி, எனக்குக் கரண்டு வந்துவிட்டது என்று சிவகாசிப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறது.

திருப்பி அடித்துக் காதில் வைத்தேன். முதலில் ஒரு உறுமல். அது ஏறி ஏறி ஒரே சீராக ஆனது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம், தொபதொபவென்று. அதற்குள்ளே ஏதோ படபடவென்று அடித்தது. கிணற்றுப் பொந்தில் இருக்கிற புறாக்கள், மோட்டார் சத்தத்துக்குப் பயந்து எழும்புகின்றன. என் அறையில் நாற்காலியும் தண்ணீர்க் குடமும் அப்படியே இருக்க, என் காதுக்குள்ளே மட்டும் ஒரு தோட்டம் நனைந்துகொண்டிருந்தது. வைக்க மனசில்லாமல் வைத்தேன்.

சாயங்காலம் முருகம்மாள் வந்ததும், "உன் கிணறு கூப்பிட்டுச்சு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"நல்லா இருக்காமா?" என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிவிட்டு வந்து, கரண்டு இல்லாவிட்டாலும் கிணற்றுக்கு அடித்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்பாள். எதற்கு இந்த வீண் செலவு என்று திட்டினேன். "தனியா கெடக்குல்லாண்ணே" என்றாள். சைனா செட்டின் சத்தம்தான் தெரியுமே, பூ மிதித் திருவிழாவுக்குக் கட்டின ஸ்பீக்கர் குழாய் மாதிரி. இவள் இங்கே பேசினால் அங்கே வாய்க்கால் வரைக்கும் கேட்குமாம். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து ஆட்டை இங்கே நின்றபடியே விரட்டினாள். ஆடு போனதா என்று தெரியாது. மணிச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனதை நானே கேட்டேன்.

வெள்ளைத்துரைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவரும் முன்னால் பட்டாசில் வேலை பார்த்தவர்தான், மருந்து கலக்குகிற அறையில். எங்கள் கம்பெனியில் பல வருசம். பிறகு மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்தார். "தகரத்துகிட்டயும் தண்ணிகிட்டயும் பேசுறா. எங்கிட்டப் பேசுறதில்ல" என்று ஊரெல்லாம் சொல்வார். அதற்கேற்ற மாதிரி ஒரு கூத்தும் நடந்தது. பாட்டு வைக்கிறீர்களா என்று கேட்பதற்காக போன் கம்பெனிக்காரன் அந்தப் பெட்டிக்கே கூப்பிட்டிருக்கிறான். மோட்டார் ஓடிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாதையில் ஓடியிருக்கிறது. "நாளைக்கு எவனாவது ஓட்டுக் கேட்டு அடிச்சாலும் எம் மோட்டார் ஓடுமாக்கும்" என்று வெள்ளைத்துரை குதித்தார். ஆனால் மிளகாய்ச் செடிகள் இடுப்புயரம் வந்து பூத்து நின்றன. அதனால் பெட்டியைப் பிடுங்கிப் போடவும் அவருக்கு மனசில்லை.

புரட்டாசி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கேட்டில் லாரிக்கு மேல் லாரி. அன்றைக்கு மத்தியானம் நான் வெளியே நின்று லோடு சரிபார்த்து அனுப்பிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி அறைக்கு வந்தேன். முருகம்மாளின் போன் தட்டின் விளிம்பில் தொங்குகிற மாதிரி வந்து நின்றது. எடுத்துப் பார்த்தால் மிஸ்டுகால் மேல் மிஸ்டுகால். எல்லாம் "அவுக" என்ற பெயரில். புருசன் பெயரைச் சொல்லக் கூடாது என்று போனிலும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தாள்.

வெள்ளைத்துரை இப்படி அடிக்கிற ஆள் இல்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்று, வீட்டுக்கு வந்தால் ஒன்று, அதோடு சரி. விடாமல் அடித்திருக்கிறார் என்றால் அவசரம். திருப்பி அடித்தேன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. முனியராஜைக் கூப்பிட்டு முருகம்மாளை அழைத்து வரச் சொன்னேன்.

கைகூடக் கழுவாமல் ஓடி வந்தாள். அந்தக் கையோடு கேட்டு அறைக்குள் யாரையும் நான் விட்டதில்லை. அன்றைக்குத் தடுக்கத் தோன்றவில்லை. விசயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"கிணத்துக்குள்ள எறங்கிட்டாக" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"காலையிலேயே சொன்னாக, குழாய்க்கு அடியில இருக்க வால்வு அடைச்சுக் கெடக்கு, எறங்கி எடுக்கணும்னு. அய்யாதுரை வரட்டும்னேன். எனக்குத் தெரியாத மோட்டாரான்னு கோவிச்சுட்டுப் போனாக. எறங்கப் போறேன், மோட்டாரைப் போட்டுறாதன்னு சொல்லத்தான் அடிச்சிருக்காக."

"சரி, இறங்கினால் போனைக் கையில வச்சிருக்கலாம்ல?" என்றான் முனியராஜ்.

"மருந்து அறையில வேலை பாத்த ஆளுல்லா. எங்க உள்ள எறங்குனாலும் போன், பெல்ட், தீப்பெட்டி எல்லாத்தையும் வெளிய வச்சுட்டுத்தான் எறங்குவாக. நம்ம வீட்டு மச்சுல ஏறினாலும் அப்படித்தான். போனு மேல கழட்டிப் போட்ட சட்டைப் பையில கெடந்து அடிச்சுட்டு இருக்கும்."

அந்தப் பழக்கத்தை அவருக்குச் சொல்லிச் சொல்லிப் படிய வைத்ததே இந்தக் கேட்டுதான்.

அவர்கள் கிணற்றில் மோட்டாரும் பம்பும் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடையில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கிற தண்டுக்கு மூடி கிடையாது. அடி வால்வை இழுக்க வேண்டுமானால், அந்தத் தண்டின் மேலே நெஞ்சு படக் குனிய வேண்டும். கரண்டு இல்லை என்கிற தைரியத்தில் குனிந்திருப்பார். கரண்டு வந்து, யாராவது பெட்டிக்கு அடித்தால், முதல் மணியிலேயே அது சுற்றும். வேட்டியையோ கையையோ பிடித்துவிட்டால் அப்புறம் ஆளில்லை.

"நாம அடிக்கலைன்னா சரிதானே?" என்றேன்.

"மத்தியானத்துக்கு மேல சுந்தரபாண்டி அண்ணாச்சி முறை" என்றாள் முருகம்மாள். "சில நாளைக்குப் பொறுக்கமாட்டாம அவரா அடிச்சுப் பாப்பாரு."

"இம்புட்டுத்தானே? அவருக்குச் சொல்லிருவோம்" என்று முனியராஜ் முருகம்மாளின் போனை எடுத்துச் சுந்தரபாண்டிக்கு அடித்துவிட்டான். நல்லது நினைத்துத்தான் செய்தான். முருகம்மாள், "இரு தம்பி, இரு" என்று கையை நீட்டுவதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்தது. பட்டென்று கட் ஆனது.

"கட் பண்ணிட்டாரே" என்றான்.

முருகம்மாள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கூந்தலெல்லாம் வெள்ளியாகிவிட்டது.

"எங்கிட்டருந்து மிஸ்டுகால் போனா கரண்டு வந்துருச்சுன்னு அர்த்தம்டா! இப்ப அவரு கிணத்துக்கு அடிப்பாரு!"

முனியராஜ் மறுபடி அடித்தான். மறுபடி கட். இன்னொரு தடவை. அதுவும் கட். விருதுநகரில் மிளகாய் நெடிக்கு நடுவே நின்றுகொண்டு அந்த மனுசர் என்ன நினைத்திருப்பார்? முருகம்மா இன்றைக்கு இத்தனை தடவை அடிக்கிறாளே, கரண்டு போவதற்குள் போடச் சொல்கிறாள் போல, என்று இன்னும் வேகமாகக் கிணற்றுக்கு அடித்திருப்பார். மோட்டார் ஓடுகிற வரைக்கும் விடமாட்டார். எச்சரிக்க எச்சரிக்க அவரை நாங்களே விரட்டிக்கொண்டிருந்தோம். வேறு போனில் இருந்து அவருக்கு அடிக்கலாம் என்று அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"நிப்பாட்டுலே!" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

முருகம்மாள் கண்ணை மூடி ஒரு மூச்சு நின்றாள். திறந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, கிணறு கூப்பிட்டுச்சா இன்னைக்கு?"

"இல்லை."

"இன்னும் கூப்பிடலைல்லா?"

"கூப்பிடலைத்தா. உம் புருசன் நம்பர் மட்டும்தான் வந்திருக்கு."

"அப்ப இன்னும் கரண்டு வரல. உங்க போனைக் குடுங்க. எம் போனு சும்மா இருக்கட்டும், அவுக அடிச்சாலும் அடிப்பாக."

பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு யோசித்துத்தான் புரிந்தது. கரண்டு இல்லாத இந்த நேரத்தில் நாம் கிணற்றுக்கு அடித்தால் மோட்டார் ஓடாது. போன் மட்டும் எடுத்துக்கொள்ளும். நாம் வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தால், சுந்தரபாண்டி அடித்தாலும் விளம்பரக்காரன் அடித்தாலும் உள்ளே போகாது. கிணற்றின் வாயை நாமே அடைத்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் கரண்டு வருவதற்கு முன்னால் நுழைந்தாக வேண்டும். நம் மணி அடிக்கிற அந்த நேரத்தில் கரண்டு வந்தால், மோட்டாரைப் போட்டது நாமாகிவிடும்.

அடித்தாள். நீங்கள் அழைக்கும் எண் வேறு ஒருவருடன் தொடர்பில் உள்ளது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. சுந்தரபாண்டி. கட் பண்ணிவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி அதே பெண். "ஏட்டி, வழி விடுடி!" என்று அந்தப் பதிவுக் குரலைப் பார்த்துக் கத்தினாள். மூன்றாவது தடவை மணி போனது. மணி நின்று, ஒரு இரைச்சல் கேட்டது.

புறா. புறா குமுறுகிற சத்தம். மோட்டார் உறுமல் இல்லை.

"ஏங்க!" என்று முருகம்மாள் போட்ட சத்தத்தில் உள்ளே ஷெட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏங்க! மேல ஏறுங்க! மேல வாங்க!"

ஒன்றும் இல்லை. மறுபடியும் கத்தினாள். கிணற்றுக்குள்ளே இருந்து எதிரொலிக்கிற மாதிரி, ரொம்பத் தூரத்தில், ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

"ஏ புள்ள? எப்ப வந்த நீ?"

வெள்ளைத்துரை. அவர் முருகம்மாள் கிணற்று மேட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டில் வெள்ளிக் கையோடு நிற்கிறாள் ஒரு பொம்பளை. அவள் குரல் மட்டும் காடு தாண்டிப் போய்க் கிணற்றின் விளிம்பில் நின்று புருசனைக் கூப்பிடுகிறது.

முருகம்மாளும் சுதாரித்துக்கொண்டாள். நான் கம்பெனியில்தான் இருக்கிறேன், போனில் பேசுகிறேன் என்று விளக்கியிருந்தால், அந்த மனுசர் அங்கேயே நின்று வாதம் செய்திருப்பார்.

"இப்பத்தான் வந்தேன்! மேல ஏறி வாங்க சட்டுன்னு!"

"வால்வு கைக்கு வந்துருச்சு, இரு. கஞ்சி கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன்! ஆறிப் போவுது! வாங்கங்கிறேன்ல!"

"எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துற? வாரேன்."

கல்லில் கால் வைத்து ஏறுகிற சத்தம் வந்ததா, நாங்கள் நினைத்துக்கொண்டோமா தெரியாது. முருகம்மாள், "ஏறிட்டீகளா? ஏறிட்டீகளா?" என்று கேட்டபடியே இருந்தாள். திடீரென்று போனுக்குள்ளே டக் என்று ஒரு சத்தம். சாப்பாட்டு நேரத்தில் அவள் அடித்துக் கேட்கும்போது அந்தச் சத்தத்தைச் சில நாள் நானும் கேட்டிருக்கிறேன். கரண்டு வந்தால் பெட்டிக்குள்ளே விழுகிற சத்தம்.

"கரண்டு வந்துருச்சு" என்றேன்.

"ஏறிட்டீ..." என்று அவள் வாய் திறக்கும்போது லைன் செத்தது. என் போனில் காசு தீர்ந்துபோயிருந்தது.

அவள் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது முனியராஜின் கையில் இருந்த அவளுடைய போன் வெளிச்சம் போட்டது. "கிணறு". தடுக்கிற ஆள் விலகியதும், கரண்டு வந்துவிட்டது என்று அது தன் கடமையைச் சொல்கிறது. ஒரு மணி, நின்றது. இனி வழி திறந்து கிடக்கிறது. அடுத்து சுந்தரபாண்டி அடித்தால் மோட்டார் ஓடும். அவர் அடித்துக்கொண்டேதான் இருப்பார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றோம். கேட்டுக்கு வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் திரும்பவில்லை.

வெளிச்சம் வந்தது. "அவுக".

முனியராஜ் எடுக்கப் போனான். "எடுக்காத!" என்று முருகம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு மணி அடித்தது. கட் ஆனது.

ஒரு மிஸ்டுகால். வந்து சேர்ந்தாச்சு.

முருகம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வெள்ளியாக. "கஞ்சி எங்கன்னு தேடுவாகண்ணே இப்ப" என்றாள்.

மறுநாள் காலையில் வெள்ளைத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். பழக்கதோசத்தில் பெல்ட்டைக் கழற்றப் போனவர், நான் சிரித்ததும் விட்டுவிட்டார்.

"மேல வந்து பாத்தா ஒரு காக்கா குருவி இல்ல அண்ணாச்சி" என்றார். "மரத்துக்குப் பின்னால பாத்தேன். வாய்க்கால்ல பாத்தேன். அங்கன நின்னே ரூமுக்குள்ள எட்டிப் பாத்தா, பெட்டி மட்டும் கெடக்கு. சரி, போனைப் போட்டுப் பாப்போம்னு சட்டைப் பையில இருந்து எடுத்து, அவளுக்கு ஒரு மிஸ்டுகால் குடுத்தேன். குடுத்துட்டு நிமுர முன்ன, மோட்டார் தானா எடுத்துருச்சு. என் துண்டை அந்தத் தண்டு மேலதான் போட்டு வச்சிருந்தேன், கையைத் துடைக்க." கையை விரித்துக் காட்டினார். துண்டு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர்கள் கிணற்றில் ஒரு சட்டம் போட்டார்கள். இறங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பெட்டியில் இருந்து போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கம்பெனியில் போனை வெளியே வைத்துவிட்டு இறங்குவது. கிணற்றில் போனை எடுத்துக்கொண்டு இறங்குவது. சுந்தரபாண்டியும் ஒப்புக்கொண்டார். முருகம்மாள் அடித்தால் இனிமேல் கட் பண்ணாமல் எடுப்பதாகவும் சொன்னார். காசு போனால் போகிறதாம்.

துண்டுக் கதையைச் சொன்ன அந்தக் காலையில் வெள்ளைத்துரை கிளம்பாமல் நின்றார். என் தட்டையே பார்த்தார். அறைக்கு அறை ஒரு போன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீடு, எங்கெங்கோ இருந்து வெளிச்சம் போட்டு அணைந்துகொண்டிருந்தது.

"எதுல கத்துனா?"

காலையிலேயே காசு ஏற்றி வைத்திருந்த என் போனை எடுத்துக் கொடுத்தேன். பொத்தான்களில் வெள்ளி விரல் தடம் அப்படியே இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் அதைத் துடைக்காமல், தடத்தின் மேலேயே விரல் வைத்துக் கிணற்று நம்பரை அடித்தார். நான் தடுக்கப் போனேன்.

"மெயினைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார்.

காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வேலைக்கு வந்த பொம்பளைகள் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்.

"புறா திரும்பி வந்து உக்காந்திருக்கு அண்ணாச்சி" என்றார், மெதுவான குரலில், அது பறந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி. "நீங்களும் கேளுங்க."